முதல் சலவைக்குப் பிறகு

1957-ல் சென்னை லயோலா கல்லூரியில் கணித ஆனர்ஸ் முடித்த ஒரு பையனுக்கு இறுதித் தேர்வில் கிடைத்தது இரண்டாம் வகுப்பு. அந்தக் காலத்தில் ஆனர்ஸில் இரண்டாம் வகுப்பு என்றால் ஏதாவது ஒரு அலுவலகத்தில் வேலை தேடிக்கொள்ளலாம், கணித ஆராய்ச்சி என்ற பேச்சை எடுக்கக் கூடாது. ஆனால் அவனுடைய ஆசிரியர் பம்பாயில் இருந்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதினார். சொந்தமாக யோசிக்கிற மூளை இவனுக்கு இருக்கிறது, ஆராய்ச்சிக்கு வேண்டிய துருவல் குணமும் இருக்கிறது, வாய்ப்புக் கொடுத்தால் வருவான் என்பது அதன் சாரம். மதிப்பெண் பட்டியல் ஒன்று சொன்னது, கடிதம் வேறொன்று சொன்னது. பம்பாய்க்காரர்கள் கடிதத்தை நம்பினார்கள்.

அந்தப் பையன் சி. பி. ராமானுஜம். கும்பகோணத்து ராமானுஜன் இல்லை, இவர் 1938-ல் சென்னையில் பிறந்தவர். இயற்கணித வடிவியலில் கோடைரா பெயரோடு சேர்த்து இவர் பெயரைச் சொல்லும் ஒரு தேற்றம் இருக்கிறது. டேவிட் மம்ஃபர்ட் பம்பாயில் நடத்திய விரிவுரைகள் 'அபீலியன் வெரைட்டீஸ்' என்ற புகழ்பெற்ற நூலானபோது அதற்குக் குறிப்பெடுத்து உருக்கொடுத்ததில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. ரஷ்யக் கணிதவியலாளர் ஷஃபரேவிச்சின் விரிவுரைகளுக்குக் குறிப்பெழுத உட்கார்ந்தவர், அதில் இருந்த பிழைகளைத் திருத்தி, விட்டுப்போன நிரூபணங்களையும் முடித்துக் கொடுத்தார். 1974-ல் 36 வயதில் இறந்துபோனார். இத்தாலியில் ஜெனோவா நகரத்துக் கணிதத் துறையில் ஓர் அரங்கத்துக்கு அவர் பெயர் இருக்கிறது.

கடிதம் எழுதிய ஆசிரியரின் பெயர் சார்ல்ஸ் ரசீன். பிரெஞ்சுக்காரர், யேசு சபைப் பாதிரியார். இவரைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு வந்த கேள்விதான் இந்தக் கட்டுரை. ஒரு கல்லூரியில் அறிவியலோ கணக்கோ நடத்துகிற வாத்தியார் நல்ல வாத்தியார்தான் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? யார் சொல்கிறார்கள்? எப்போது சொல்கிறார்கள்? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது என்று இப்போது நினைக்கிறேன்.

ரசீன் 1897-ல் பிறந்தவர். பாரிசில் எலீ கார்த்தான், ஹாடமார் போன்ற பெருந்தலைகளிடம் படித்தவர். 1934-ல் சார்பியல் கோட்பாட்டில் பல பொருள்களின் இயக்கம் பற்றி ஆய்வேடு எழுதி டாக்டர் பட்டம் வாங்கினார். ஆந்த்ரே வெய், ஆன்ரி கார்த்தான் எல்லாம் அவருக்குப் பழக்கம். 'புர்பாகி' என்ற புனைபெயரில் கூட்டாக எழுதி, இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தின் பேச்சுமொழியையே மாற்றியவர்கள் அவர்கள். இப்படி ஒரு ஆள் பாரிசிலேயே இருந்திருந்தால் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆகியிருக்கலாம். சபை 1937-ல் இந்தியாவுக்கு அனுப்பியது. முதலில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, பிறகு 1939-லிருந்து லயோலா.

அன்றைய சென்னைப் பல்கலைக்கழகத்தின் கணித ஆனர்ஸ் படிப்பைக் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜின் ட்ரைபாஸ் தேர்வைப் பார்த்து வெட்டித் தைத்த பாடத்திட்டம். சாமர்த்தியமான கணக்குகள், அதிலும் சாமர்த்தியமான குறுக்குவழிகள். பழைய வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்தவனுக்கு முதல் வகுப்பு. இந்த முறையை ஒரேயடியாக மட்டம் தட்டவும் முடியாது. பிரெசிடென்சி கல்லூரியில் ஆனந்த ராவ் இருந்தார். ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில் அங்கேயே படித்தவர், 1919-ல் திரும்பி வந்து பேராசிரியர் ஆனவர். விஜயராகவன், எஸ். எஸ். பிள்ளை, மீனாட்சிசுந்தரம், கே. சந்திரசேகரன் என்று அவரைச் சுற்றி வளர்ந்த பெயர்களை அடுக்கினாலே போதும், இந்தியக் கணித வரலாற்றில் ஒரு அத்தியாயம் முடிந்துவிடும். ஆனால் அவர்கள் செய்தது பெரும்பாலும் ஹார்டி, லிட்டில்வுட் காட்டிய திசையில். ஐரோப்பாவில் அதற்குள் காற்று வேறு பக்கம் அடிக்க ஆரம்பித்திருந்தது. சென்னையில் அது யாருக்கும் சரியாக எட்டவில்லை.

ரசீன் செய்தது அந்தக் காற்றுக்கு ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டதுதான். பாடத்திட்டத்தில் இல்லாத நவீன இயற்கணிதத்தைப் பற்றிப் பேசினார். பிரெஞ்சுக்காரர்கள் புதிதாக எழுதுவதைக் காட்டினார். மீனாட்சிசுந்தரம் போன்ற இளம் ஆய்வாளர்களை உட்கார வைத்துப் புதிய கட்டுரைகளைச் சேர்ந்து படித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, பையன்களைப் பார்த்துப் பொறுக்கினார். கே. ஜி. ராமநாதன், சி. எஸ். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன், ராகவன் நரசிம்மன், சி. பி. ராமானுஜம் எல்லோரும் லயோலாவில் அவர் கையில் பட்டவர்கள். 1945-ல் தொடங்கிய டாடா நிறுவனத்தில் 1949 முதல் சந்திரசேகரன் கணிதப் பள்ளியைக் கட்டிக்கொண்டிருந்தார். ரசீன் ஆட்களை அங்கே அனுப்பிக்கொண்டே இருந்தார். சேஷாத்ரியும் நரசிம்மனும் ஒரே வருடம், 1953-ல், போய்ச் சேர்ந்தார்கள். 12 வருடம் கழித்து, 1965-ல், இருவர் பெயரும் சேர்ந்த தேற்றம் வெளிவந்தது. இன்று கணிதத்தில் மட்டுமில்லை, கோட்பாட்டு இயற்பியலிலும் அதைத் தொடாமல் போக முடியாத இடங்கள் இருக்கின்றன.

ரசீன் பேர் வாங்கியது கணீரென்ற மேடைப் பேச்சால் இல்லை. தேர்வுக்குத் தயார் செய்து ரேங்க் வாங்கிக் கொடுத்ததாலும் இல்லை. ராமானுஜத்தின் இரண்டாம் வகுப்பே அதற்குச் சாட்சி. அன்றைக்கு லயோலாவில் செமஸ்டர் முடிவில் ஒரு கருத்துப் படிவம் கொடுத்து, ஃபாதர் ரசீனுக்கு ஐந்துக்கு எத்தனை என்று கேட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? தேர்வுக்கு வராத விஷயத்தைப் பிரெஞ்சு வாடை அடிக்கும் இங்கிலீஷில் பேசுகிற ஒருத்தருக்கு, பின்வரிசைப் பையன்கள் எத்தனை போட்டிருப்பார்கள்? எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும்.

ஊகம் எதற்கு, இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் விமானப்படை அகாடமி இருக்கிறது. அங்கே மாணவர்கள் வாத்தியாரைத் தேர்ந்தெடுக்க முடியாது. சீட்டுக் குலுக்கிப் போடுவது போல யாருக்கு யார் என்று நிர்வாகமே ஒதுக்கிவிடும. எல்லாப் பிரிவுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். முதல் நுண்கணித வகுப்பு முடிந்ததும் எல்லோரும் கட்டாயமாக அடுத்த கட்ட கணித, அறிவியல், பொறியியல் பாடங்களுக்குப் போயாக வேண்டும். ஒரு ஆராய்ச்சியாளருக்கு இதைவிட நல்ல களம் அமையாது. ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 10,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள்.

முடிவு கொஞ்சம் சங்கடமானது. சில ஆசிரியர்களின் மாணவர்கள் அந்த நுண்கணிதத் தேர்வில் நன்றாக மதிப்பெண் வாங்கினார்கள், ஆசிரியருக்கும் படிவத்தில் நல்ல மதிப்பெண் போட்டார்கள். ஆனால் அடுத்தடுத்த பாடங்களில் அதே மாணவர்கள் சறுக்கினார்கள். வேறு சில ஆசிரியர்கள், பெரும்பாலும் அனுபவசாலிகள், கருத்துப் படிவத்தில் அடி வாங்கினார்கள். அவர்களிடம் படித்தவர்கள் முதல் தேர்வில் சுமார்தான். ஆனால் அடுத்த கட்டத்தில் நின்று ஆடினார்கள். அதாவது செமஸ்டர் முடிவில் எடுத்த அளவு சரியான அளவு. ஆனால் அளந்தது வேறொன்றை.

இதை எங்கள் ஊர் ஆட்களுக்கு விளக்குவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. நான் பொங்கலூர்க்காரன். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில் இருக்கிறது ஊர். ஒரு பக்கம் பி.ஏ.பி. வாய்க்கால் பாசனம், இன்னொரு பக்கம் கோழிப் பண்ணை, தறிச் சத்தம். காலையில் பஸ் ஏறினால் பாதி பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். அவர்களில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். செக்கிங் டேபிளில் ஒரு பனியன் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்துத் துணியின் தரத்தைச் சொல்ல முடியாது. ஒரு தடவை துவைக்க வேண்டும். காம்பேக்டிங் சரியாகப் பண்ணாத துணி நீளத்தில் சுருங்கிவிடும். பின்னலில் முறுக்கு இருந்தால் பக்கவாட்டுத் தையல் வயிற்றுக்கு முன்னால் திரும்பி வந்து நிற்கும். அயர்ன் பண்ணி, மடித்து, பாலித்தீன் கவரில் போட்ட அன்றைக்கு இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பையர்காரர்கள் துணியைத் துவைத்துப் பார்த்த ரிப்போர்ட்டைக் கேட்கிறார்கள்.

கல்லூரிகளில் நாம் செய்வது முழுக்க செக்கிங் டேபிள் வேலை. துவைத்துப் பார்க்கிற வேலையை யாருமே செய்வதில்லை.

இத்தாலியில் மிலான் நகரத்துப் பொக்கோனி பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னொரு ஆய்வும், 2014-ல் வந்தது, கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. அதில் ஒரு கூடுதல் வேடிக்கை, மாணவர்கள் படிவத்தில் போடுகிற மதிப்பெண் அன்றைய வானிலையைப் பொறுத்தும் மாறியதாம். இதைப் படித்ததும் நவம்பர் மழையில் செமஸ்டர் முடிகிற நம்மூர் வாத்தியார்களை நினைத்துச் சிரித்துவிட்டேன். 2019-ல் ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை வைத்துச் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. ஒரு குழு அருமையான சொற்பொழிவைக் கேட்டது. இன்னொரு குழுவைத் தாங்களே கணக்குப் போட்டு மல்லுக்கட்ட விட்டார்கள். இரண்டாவது குழு அதிகம் கற்றது. ஆனால் அதிகம் கற்றதாக உணர்ந்தது முதல் குழு. வழுக்கிக்கொண்டு போகிற பேச்சு, புரிந்த மாதிரி ஒரு மயக்கத்தைத் தருகிறது. தானே முட்டி மோதுகிறவனுக்குத் தன் அறியாமைதான் முதலில் கண்ணில் படுகிறது. கணக்கும் அறிவியலும் நடத்துகிறவர்களுக்கு இது தனிச் சிக்கல் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்தப் பாடங்களில் கற்பது என்பதே பெரும்பாலும் முட்டுகிற வேலைதான்.

சரி, படிவம் வேண்டாம், வேறு எதை வைத்து அளப்பது? நம் நாட்டில் அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஆசிரியர்களுக்கான தேசிய விருது 1958-ல் வந்தது. 1962-லிருந்து செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். ஆனால் அந்த விருது பள்ளி ஆசிரியர்களுக்கானது. உயர்கல்வி ஆசிரியர்களையும் அதற்குள் சேர்த்தது 2023-ல்தான். கல்லூரி வாத்தியாருக்கு அதுவரை கௌரவம் என்றால் ஆராய்ச்சிக்கு, அல்லது பதவிக்கு. பாடம் நடத்துவது சம்பளத்துக்குச் செய்கிற வேலை, அதில் என்ன பாராட்டு என்கிற மாதிரி.

2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. ஏ.பி.ஐ. என்பார்கள். பதவி உயர்வு வேண்டுமா, புள்ளி சேர்க்க வேண்டும். இத்தனை வகுப்பு எடுத்தேன், இத்தனை கருத்தரங்குக்குப் போனேன், இத்தனை கட்டுரை எழுதினேன். எங்கள் பகுதியில் இதற்குப் பேர் பீஸ் ரேட். டஜனுக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டால் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவர் தையலை நின்று நிதானித்துப் பார்க்க மாட்டார், அது அவர் தப்பும் இல்லை. புள்ளிக் கணக்கில் எழுதிக் கொடுக்க எளிதானது கட்டுரை எண்ணிக்கைதான். விளைவு, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடுகிற போலி ஆய்விதழ்கள் புற்றீசலாகக் கிளம்பின. அந்தக் கணக்கைப் பல தடவை திருத்தினார்கள், 2018-ல் புது விதிமுறை வந்தது. நிறுவனங்களை வரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப். 2016-லிருந்து பட்டியல் போடுகிறது. அதில் 'கற்பித்தல்' என்ற தலைப்பே உண்டு. ஆனால் அதற்குள் போய்ப் பார்த்தால் ஆசிரியர்–மாணவர் விகிதம், முனைவர் பட்டம் வாங்கிய ஆசிரியர்கள் எத்தனை சதவீதம், எவ்வளவு பணம் செலவானது என்பவைதான். வகுப்பறைக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்கிற கண் அதில் கிடையாது.

இயற்பியலில் 2001-ல் நோபல் வாங்கிய கார்ல் வீமன் தன் வாழ்நாளின் பிற்பகுதியை முழுக்க இந்தச் சிக்கலுக்குக் கொடுத்துவிட்டார். மாணவர்களுக்குப் பிடித்ததா என்று கேட்காதே, வாத்தியார் வகுப்பில் என்னென்ன செய்கிறார் என்று ஒரு பட்டியலாகக் கேள் என்பது அவர் வழி. அறிவியல், கணித ஆசிரியர்களுக்கென்றே 2014-ல் அப்படி ஒரு பட்டியலை வெளியிட்டார். முன்கூட்டியே நோக்கத்தைச் சொல்கிறாரா, மாணவர்களை ஒருவரோடொருவர் விவாதிக்க விடுகிறாரா, இப்படி. நல்ல யோசனைதான். ஆனால் பட்டியல் என்று ஒன்று வந்துவிட்டால் நம் ஆட்கள் ஒரே வாரத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்து ஃபைல் ரெடி பண்ணிவிடுவார்கள். 'நாக்' குழு வருகிற வாரம் எந்தக் கல்லூரிக்காவது போயிருக்கிறீர்களா? போயிருந்தால் நான் சொல்வது புரியும்.

ஆக நமக்குப் பழக்கமான வழி ஒன்றுதான் மிச்சம், சீடனை வைத்து குருவைச் சொல்வது. ரசீனை நாம் கொண்டாடுவது சேஷாத்ரியால். பச்சையப்பன் கல்லூரியின் சிங்காரவேலு முதலியாரை இன்றைக்கு யாராவது நினைவு வைத்திருக்கிறார்கள் என்றால் அவர் ராமானுஜனோடு உட்கார்ந்து கணித இதழ்களின் கணக்குகளைப் போட்டுப் பார்த்தவர் என்பதால். செங்கோட்டைப் பக்கம் வல்லத்தில் பிறந்த எஸ். எஸ். பிள்ளை, அப்பாவை இழந்து படிப்பு நின்றுபோகிற கட்டத்தில், சாஸ்திரியார் என்ற பள்ளி ஆசிரியர் தன் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்துப் படிக்க வைத்தார். பிள்ளை வாரிங் கணக்கைத் தீர்த்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்ததால் சாஸ்திரியாருக்கு ஒரு வரி கிடைத்தது. பிள்ளை ஒரு கிளார்க்காகப் போயிருந்தால் அந்த ஒரு வரியும் கிடையாது. சாஸ்திரியார் கொடுத்த பணம் அப்போதும் அதே பணம்தான்.

இந்த வழியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ரசீன் தொட்டதெல்லாம் பொன்னானது என்று எழுதுகிறவர்கள், அவர் கைக்கு வந்தது எந்தக் களிமண் என்பதைச் சொல்வதில்லை. 1940-களிலும் 50-களிலும் சென்னையில் கணித ஆனர்ஸ் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஏற்கெனவே புத்தகம் இருந்த பையன்கள். அநேகமாகப் பிராமணக் குடும்பங்கள், பள்ளியிலேயே இங்கிலீஷ் பழகியவர்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியை மிதிக்கிற ஒரு குடியானவன் வீட்டுப் பிள்ளையோ, நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணோ அந்த வகுப்பில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தவிர, ரசீன் கடிதம் எழுதினால் பிரித்துப் படிக்க பம்பாயில் ஆள் இருந்தது. பாரிசில் நண்பர்கள் இருந்தார்கள். அவருடைய கண் கூர்மையானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கண்ணுக்கு ஒரு தபால் முகவரியும் இருந்தது.

கொங்குப் பக்கத்துக் கதை வேறு மாதிரி. நூலகத் துறையின் தந்தை என்று நாம் படிக்கிற எஸ். ஆர். ரங்கநாதன் அடிப்படையில் கணக்கு வாத்தியார். 1917-லிருந்து மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளிலும் பிறகு பிரெசிடென்சியிலும் கணிதம் நடத்தியவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் வேலைக்கு அவரைப் போகச் சொல்லித் தள்ளியவர்கள் சொன்ன காரணம், சம்பளம் அதிகம். போனவருக்கு அந்தத் தனிமை தாங்கவில்லை; கொஞ்ச நாளிலேயே கல்லூரிக்குத் திரும்பி வந்து பழைய வேலையைக் கொடுங்கள் என்று கேட்டார். லண்டன் போய் நூலகப் பயிற்சி எடுத்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். மீதியை உலகம் அறியும். நூலகத்துக்கு அது லாபம். வகுப்பறையை விட்டுப் போக மனசில்லாத ஒரு கணக்கு வாத்தியாரை அங்கேயே வைத்துக்கொள்ள அன்றைய கல்லூரி முறைக்கு வழி தெரியவில்லை என்பதும் அதே கதைதான்.

இன்றைக்குத் திருப்பூர் சிக்கண்ணாவிலும் எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரியிலும் உடுமலை அரசுக் கல்லூரியிலும் பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைகளில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். லீவு நாளில் கம்பெனிக்குப் போகிறவர்கள், காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் கண்ணெரிய உட்காருகிறவர்கள் அவர்களில் உண்டு. இந்த வகுப்புக்கு முன்னால் நின்று மெய்ப்பகுப்பாய்வு நடத்துவது லயோலாவில் நடத்துவதைவிட லேசான வேலை இல்லை. ஆனால் அந்த வாத்தியாரைக் காட்டிக் கொடுக்க ஒரு சேஷாத்ரி வரப்போவதில்லை. வந்தாலும் அவன் பி.எஸ்சி. முடிந்த கையோடு மெர்ச்சண்டைசிங் வேலைக்குப் போய்விடுவான், ஏனென்றால் வீட்டில் வட்டி கட்டணும்.

எனக்குக் கணக்கு எடுத்தவர்களில் ஒரு மேடம். கௌரவ விரிவுரையாளர். அந்தப் பெயரில் இருக்கிற கௌரவத்தைத் தவிர வேறு பெரிதாக ஒன்றும் கிடைக்காத வேலை. மே மாதம் சம்பளமும் கிடையாது. மூன்றாம் வருடம் எப்சிலான்–டெல்டா வந்தது. கணக்குப் படித்த எல்லோருக்கும் தெரியும், பாதி வகுப்பு மூழ்குகிற இடம் அது. மேடம் போர்டில் வரையறையை எழுதவில்லை. "இந்த வகுப்புல கட்டிங் டேபிள்ல நின்னவங்க யாரு?" என்று கேட்டார். நாலு பேர் கை தூக்கினார்கள். "பையர் மார்பளவு 52 சென்டிமீட்டர்ங்கறான். ஒரு சென்டிமீட்டர் கூடக் குறைய இருந்தா ஒத்துக்குவான். அப்ப நீங்க கட்டிங்ல எவ்வளவு கரெக்டா இருக்கணும்?" யாரோ அரை சென்டிமீட்டர் என்றார்கள். "சரி. நாளைக்கு இன்னொரு பையர் வர்றான், எனக்கு அரை சென்டிமீட்டர்தான் விடுவேங்கறான். இன்னொருத்தன் அரைக்கால்ங்கறான். எவன் எவ்வளவு கறாரா வந்தாலும், அதுக்குத் தகுந்த மாதிரி கட்டிங்ல ஒரு அளவு உங்களால சொல்ல முடியும்னா, அந்த மெஷினுக்குப் பேருதான் தொடர்ச்சிச் சார்பு. பையர் கேக்கறது எப்சிலான். நீங்க கட்டிங் மாஸ்டர்கிட்டச் சொல்றது டெல்டா." அதற்குப் பிறகுதான் போர்டில் வரையறை வந்தது.

ஒரு வார்த்தைகூடப் பாடத்திட்டத்தை விட்டு வெளியே போகவில்லை, கணிதத்தை நீர்க்கடிக்கவும் இல்லை. எந்த எப்சிலானுக்கும் ஒரு டெல்டா என்பதில் எது முதலில் வருகிறது, எது எதைச் சார்ந்தது என்கிற வரிசைதான் மாணவர்களுக்குக் குழம்பும். பையர் முதலில் சொல்வான், கட்டிங் அதற்குப் பிறகு. இந்த வரிசை திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ரத்தத்தில் ஊறியது. அதை எங்கே தொட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரசீன் பாரிசுக்கு ஜன்னல் திறந்தார் என்றால் இவர் எங்கள் வீட்டுப் புறக்கடைக் கதவைத் திறந்து கணிதத்தை உள்ளே கூட்டிவந்தார்.

அந்த வருடம் பல்கலைக்கழகத் தேர்வில் எங்கள் வகுப்பு ஒன்றும் கொடி நாட்டவில்லை. எப்சிலான் கேள்வி வந்தது. வரையறையை மனப்பாடமாக எழுதினவனுக்கும் புரிந்து எழுதினவனுக்கும் ஒரே மதிப்பெண். மேடத்தின் சுயவிவரத்தில் ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கை குறைவு, கருத்தரங்குச் சான்றிதழும் குறைவு. கைதூக்கின நாலு பேரில் ஒருத்தி இன்றைக்கு பி.எட். முடித்துப் பள்ளியில் கணக்கு நடத்துகிறாள். அவள் பத்தாம் வகுப்புக்குச் சார்புகளை அறிமுகப்படுத்துகிறபோது எங்கிருந்து ஆரம்பிக்கிறாள் என்று போன வருடம் கேட்டேன். "கட்டிங் டேபிள்ல இருந்துதான், வேறெங்க?" என்றாள். எந்த என்.ஐ.ஆர்.எஃப். குழு வந்து இதை எந்தக் கட்டத்தில் எழுதும்?

இதற்கு ஒரு வழி இருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெரிய தொழில்நுட்பம் எல்லாம் வேண்டாம். ஒரு கல்லூரி தன் பழைய மாணவர்களை ஐந்து வருடம், பத்து வருடம் கழித்துக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்கலாம்: யார் நடத்தியது இன்னும் உங்களிடம் இருக்கிறது? கல்லூரிகளுக்குப் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது, வாட்ஸப் குரூப் இருக்கிறது, கட்டட நிதிக்கு மட்டும் அதில் மெசேஜ் வருகிறது. இரண்டாம் வருடப் பாடம் எடுக்கிற வாத்தியாரை, முதல் வருடம் யாரிடம் படித்த பிள்ளைகள் தேறி வருகிறார்கள் என்று கேட்கலாம். அவருக்கு நன்றாகவே தெரியும், இதுவரை யாரும் கேட்டதில்லை. இதிலும் கோளாறு வரும், சாதி வரும், வேண்டியவன் வேண்டாதவன் வருவான். கேரலும் வெஸ்டும் குலுக்கல் முறை இருந்த ஒரு ராணுவக் கல்லூரியில் செய்ததை நாம் அப்படியே செய்ய முடியாது. ஆனாலும் இப்போது இருப்பதைவிடப் பரவாயில்லை.

ரசீன் 1967-ல் ஓய்வு பெற்றார், 1976-ல் இறந்தார். கடைசிவரை இந்தியாவில்தான் இருந்தார். அவருடைய மாணவர்களில் சேஷாத்ரி டாடா நிறுவனத்தில் மூன்று பத்தாண்டுகள் இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பி, 1989-ல் ஸ்பிக் அறக்கட்டளையின் கீழ் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்று சிறுசேரியில் இருக்கிற சென்னைக் கணிதவியல் நிறுவனம். உலக அளவில் பேர் வாங்கின ஒருவர், கர்நாடக சங்கீதமும் பாடக்கூடியவர், அந்த வயதில் ஆராய்ச்சியோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் பிடிவாதமாகச் செய்த காரியம், ஆராய்ச்சி செய்கிறவர்களே பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு முதல் வருடக் கணக்கை நடத்துகிற ஒரு பி.எஸ்சி. வகுப்பை ஆரம்பித்தது. 1998-ல் தொடங்கிய அந்த வகுப்புக்குப் பட்டம் கொடுக்கிற உரிமை நிறுவனத்துக்கு அப்போது கிடையாது. 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து வரும்வரை, சென்னையில் படித்த அந்தப் பிள்ளைகளின் பட்டச் சான்றிதழில் இருந்த பெயர், போபாலில் இருக்கிற மத்தியப் பிரதேச போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்.